கவுண்டர் கம்ப்யூட்டரில் உங்கள் பென்டிரைவை ஏன் போட மாட்டோம்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ராத்திரி சாப்பாடு முடிந்து நிதானமா உட்கார்ந்து படியுங்கள். முக்கியமா 2014-லிருந்து 2023 அக்டோபர் வரை நம் மண்டபத்தில் கல்யாணம் செய்தவர்கள் கடைசி வரை படிக்கணும். உங்களிடம் நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

தைப்பூசம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. மாலை பூஜை நேரம், கவுண்டரில் நல்ல கூட்டம். ஓர் ஐயா குடும்பத்தோடு வந்து ஒரு பென்டிரைவை நீட்டினார். "இதுல எங்க குடும்பத்து ஆளுங்க 38 பேரு. ராசி, நட்சத்திரம் எல்லாம் டைப் பண்ணி வச்சிருக்கேன். உங்க கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு காப்பி அடிச்சு குருக்கள்கிட்ட குடுத்திடுங்க" என்றார். கவுண்டரில் உட்கார்ந்திருந்த நம்ம பிள்ளை, "மன்னிச்சிடுங்க ஐயா, வெளி பென்டிரைவ் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க வாசிங்க, நான் எழுதிக்கிறேன்" என்று நோட்டை எடுத்தது. ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "2026-லயும் கையால எழுதுற கோயிலு இது ஒண்ணுதான். அந்தக் கம்ப்யூட்டர எதுக்கு வச்சிருக்கீங்க, பொட்டு வச்சுக் கும்பிடவா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிள்ளை 38 பேரையும் எழுதி முடித்தது. கண் கலங்கிக்கொண்டேதான் எழுதியது, நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

ஐயா மேல் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அந்த ரூல் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்லவே இல்லை. இப்போது நிர்வாகத்தில் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

கவுண்டரில் இருக்கிற கம்ப்யூட்டர் 2011-இல் ஓர் உபயகாரர் வாங்கிக் கொடுத்தது. விண்டோஸ் 7. அடுத்த வருஷம் ஒரு பக்தரின் மகன் அர்ச்சனை டிக்கெட் அடிக்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். டிக்கெட் அடிக்கிற பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அந்தப் புரோகிராமும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாத ஜோடி. புதுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம், பிரிண்டர் வெறும் கட்டம் கட்டமா அடித்தது. அதனால் பழசையே வைத்துக்கொண்டோம். நல்லாத்தானே ஓடுது, எதுக்குச் செலவு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கோயில் காசு, ஒவ்வொரு வெள்ளிக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பதில் சொல்லணும் இல்லையா.

2020 ஜனவரி 14-ஆம் தேதி விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி ஆதரவை நிறுத்தியது. அன்றைக்கு போகி, மறுநாள் பொங்கல். கோயில் முழுக்கக் கழுவி விட்டு, பழைய பாய், கிழிஞ்ச பேனர், உடைஞ்ச நாற்காலி எல்லாத்தையும் கழித்துக் கட்டினோம். திரையில் வந்த அறிவிப்பை மட்டும் ஒருவர் எக்ஸ் அமுக்கி மூடிவிட்டார். "ஆதரவு முடிந்தது" என்றால் ஏதோ கம்பெனிக்காரன் வாரண்டி முடிந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டோம். கம்ப்யூட்டர் மறுநாளும் ஓடியது, அதற்கு மறுநாளும் ஓடியது. மார்ச் 18-ஆம் தேதி எம்.சி.ஓ. வந்து கோயில் கதவையே சாத்தினோம். கம்ப்யூட்டர் பேச்சே மறந்து போச்சு.

ஆதரவு முடிவது என்றால் என்ன என்று நமக்குப் புரிந்த மாதிரி சொல்கிறோம். நமக்குப் படிப்பு எஸ்.பி.எம். வரைதான், தப்பிருந்தால் படித்த பிள்ளைகள் திருத்தலாம்.

கிள்ளானில் 100 கோயில் ஒரே கம்பெனி பூட்டை உண்டியலுக்குப் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பூட்டில் ஒரு குறை இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட மாதிரி கம்பியை விட்டால் திறந்துகொள்ளும். கம்பெனி அதைக் கண்டுபிடித்ததும் எல்லாருக்கும் ஒரு சின்னத் தகட்டை அனுப்பி, "இதை உள்ளே வையுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்கிறது. தகடு வந்தவர்களுக்கு நல்லது. ஆனால் அந்தத் தகட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிற திருடனுக்கும் குறை எங்கே என்று தெரிந்துவிடும் அல்லவா? அப்போது தகடு வராத பழைய பூட்டுகளைத் தேடிப் போவான். விண்டோஸிலும் அப்படித்தான். மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரத்துக்குப் புதன்கிழமை, அமெரிக்காவிலிருந்து திருத்தம் வரும். ஒவ்வொரு திருத்தமும் புதுப் பூட்டை மூடும்போது பழைய பூட்டின் ஓட்டையை ஊருக்கே காட்டிக் கொடுக்கும். அதனால் ஆதரவு முடிந்த கம்ப்யூட்டர் அன்றைக்கே கெட்டுப் போகாது. நாள் ஆக ஆகத்தான் ஆபத்து கூடும். நாங்கள் ஏமாந்தது அங்கேதான். முதல் நாள் ஒன்றும் ஆகலையே என்றதும் என்றைக்கும் ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டோம்.

இதில் எங்களுக்கு வெட்கமான விஷயம், இது தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. நாம வேலை செய்வது ஷா ஆலம் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பேக்டரியில், சூப்பர்வைசர். 2017 மே 12, ஒரு வெள்ளிக்கிழமை, வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் பூரா ஓடியது ஞாபகம் இருக்கும். சுமார் 150 நாடு, 2 லட்சத்துக்கும் மேலே கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனையே தள்ளி வைத்தார்கள். யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை, ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் அதே கேபிளில் இருக்கிற அடுத்ததுக்குத் தானாகத் தாவும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முந்தியே, மார்ச் 14-ஆம் தேதி கொடுத்துவிட்டது. அடி வாங்கியதில் பெரும்பகுதி, ஆதரவு இருந்தும் திருத்தத்தைப் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். 2014-லேயே ஆதரவு முடிந்த எக்ஸ்பி-க்கும் அந்த ஒரு தடவை கம்பெனி இரக்கப்பட்டு மருந்து கொடுத்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் தைவானில் டிஎஸ்எம்சி என்கிற பெரிய சிப் பேக்டரிக்கும் அதே வகை வைரஸ் வந்தது. புதுசா வாங்கின ஒரு மெஷினைச் சோதிக்காமல் லைனில் இணைத்ததுதான் காரணம். அவ்வளவு பெரிய இடத்திலேயே மெஷின்கள் நின்று போயின.

எங்கள் பேக்டரியில் அச்சு மெஷின் ஒன்று எக்ஸ்பி-யில் ஓடுகிறது. மெஷினை மாற்றணும் என்றால் லட்சக்கணக்கில் செலவு. வான்னாகிரை வந்த அந்த வாரமே ஐ.டி. எஞ்சினியர் வந்தார், சீனப் பையன், சின்ன வயசு. முதல் வேலையா நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். யூஎஸ்பி ஓட்டையை எல்லாம் சூடான பசை ஊற்றி அடைத்தார். ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, "இனிமே செட்டிங் எல்லாம் பேப்பர்ல எழுதி எடுத்துட்டு வாங்க, கையால அடிங்க" என்றார். அன்றைக்கு நாங்களும் அந்தக் கவுண்டர் ஐயா மாதிரிதான் சிரித்தோம். அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுது. ஆக, என்ன செய்யணும் என்று 2017-லேயே நம்ம கண்ணால் பார்த்தாச்சு. பேக்டரியில் முதலாளி மெஷின் என்று பயந்தோம். கோயிலில் சாமி பார்த்துக்கும் என்று விட்டுவிட்டோம். நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நடந்தது 2023 அக்டோபர், நவராத்திரி தொடங்க நாலு நாள் இருக்கும்போது. அந்த வருஷத் தொடக்கத்திலேயே குரோமும் விண்டோஸ் 7-க்குப் புது வெர்ஷன் கொடுப்பதை நிறுத்தியாச்சு. மேலே ஒரு பட்டையில் அறிவிப்பு வரும், அதையும் எக்ஸ் அமுக்கினோம். வைரஸ் தடுப்பு புரோகிராம் சந்தா முடிந்து எத்தனையோ மாசம். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது, உட்காருகிற எல்லாருக்கும் முழு அதிகாரம். இந்த நிலையில் கொலு அழைப்பிதழ் செய்ய எங்களில் ஒருவர் படம் எடிட் பண்ணுகிற புரோகிராமைத் தேடினார். காசு கொடுத்து வாங்க வேண்டியதை இலவசமா, கிராக் பண்ணினதா எங்கேயோ இறக்கினார். நல்ல மனசோடுதான் செய்தார், கோயிலுக்குச் செலவு வைக்க வேண்டாமே என்று. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எந்தப் பைலும் திறக்கவில்லை. ஒவ்வொரு பைல் பேருக்கும் பின்னால் நாலு எழுத்து ஒட்டியிருந்தது. கூடவே ஒரு கடிதம்: 980 அமெரிக்க டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490. சூப்பர்மார்க்கெட் மெகா சேல் மாதிரி.

490 டாலர் என்றால் அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,300 வெள்ளி. கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைவர் மட்டும் பிடிவாதமா மறுத்தார். பக்தர் போட்ட உண்டியல் காசைத் திருடனுக்குக் கொடுத்ததாக எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999-க்குப் புகார் கொடுத்தோம். நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் சேர்ந்து 2016-இல் தொடங்கின நோ மோர் ரான்சம் என்ற இடத்தில் இலவச சாவி கிடைக்கும் என்றார்கள். பார்த்தோம், எங்களுக்கு வந்த பூட்டுக்குச் சாவி இல்லை. இந்த வகையில், பூட்டும்போது இன்டர்நெட் இருந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி போட்டுவிடுமாம், அது திருடன் கையில் மட்டும்தான் இருக்கும். எங்கள் இன்டர்நெட் அன்றைக்கென்று நல்ல வேகம்.

நியாயமா ஒன்று சொல்லணும். கிராக் புரோகிராமைத் தானே திறந்துவிட்டால் புது விண்டோஸிலும் மாட்டிக்கொள்ளலாம். கதவைத் திறந்தது நம் கைதான். ஆனால் உள்ளே ஒரு காவல்காரன் முழித்திருந்தால் சத்தமாவது போட்டிருப்பான். எங்களிடம் இருந்த காவல்காரன் எல்லாம் மூணு வருஷமா தூங்கிக்கொண்டிருந்தான்.

போனது என்ன? 600 குடும்பத்துக்கு மேல் அர்ச்சனைப் பட்டியல், உபயப் பட்டியல், அன்னதான நாட்கள், சந்தா கணக்கு. பேக்கப் இருந்தது, அதே கம்ப்யூட்டரில் எப்போதும் சொருகியே வைத்திருந்த ஹார்ட் டிஸ்கில். அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

அப்புறம் ஸ்டோர் ரூமில் கொலுப் படிக்குப் பின்னாலிருந்து ஒரு குறுந்தட்டு கிடைத்தது. முந்தைய செயலாளர் 2016-இல் பட்டியலை அதில் ஏற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதியும் எழுதி வைத்திருந்தார். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் ஆத்மா சாந்தி அடையட்டும். ஆசையா திறந்து பார்த்தால் ஒரு பெயரும் படிக்க முடியவில்லை. தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த வெள்ளைக்காரன் எழுத்துகளாக வந்தன. வைரஸ் இதையும் தின்றுவிட்டதா என்று பயந்தோம். அது வைரஸ் இல்லை, பழைய தமிழ் எழுத்துரு.

வயசானவர்களுக்கு இது தெரிந்திருக்கும். யூனிகோட் பரவலாகப் புழங்குவதற்கு முன்னால், தமிழ் எழுத்தின் வடிவங்களை வேறு எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்துத்தான் தமிழில் தட்டச்சு செய்தோம். ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு இடத்தில் வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் குப்பையாத்தான் தெரியும். நம் நாட்டில் முத்து நெடுமாறன் அவர்கள் 1985-லேயே முரசு தொடங்கியதால்தான் நாம் எல்லாம் கோயில் நோட்டீஸ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை தமிழில் அடித்தோம். ஆனால் அந்தக் காலத்துப் பைல்களை யாரும் யூனிகோடுக்கு மாற்றி வைக்கவில்லை. எங்கள் கோயிலில் மட்டும் இல்லை, பல சங்கங்களில் இதே நிலைதான். பழைய கம்ப்யூட்டரை விட முடியாமல் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிக்பீல்ட்ஸில் முன்பு அச்சகம் வைத்திருந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு பிளாட்டில் இருக்கிறார். தட்டை வாங்கிப் பார்த்து, எந்த எழுத்துரு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. "ஒரு தேங்காய் உடைச்சிடுங்க" என்றார், அவ்வளவுதான்.

அதனால் 2016 வரைக்கும் இருந்த பெயர்கள் திரும்பி வந்தன. 2017-லிருந்து ரசீதையும் கம்ப்யூட்டரிலேயே அடித்தோம், கார்பன் காப்பி கிடையாது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களை வாட்ஸ்அப்பில் கேட்டு, போன் போட்டு, பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்து ஒவ்வொருவராகச் சேர்த்தோம். "பட்டியலைப் புதுப்பிக்கிறோம்" என்று மட்டும் சொன்னோம். காரணத்தைச் சொல்லவில்லை. நவராத்திரி எப்படியோ ஓடி முடிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம். ஒரு பாட்டி, 78 வயசு, பஸ் பிடித்துப் பேரனோடு வந்தார். கையில் தூக்குச்சட்டி. நேரே சமையல்கட்டுக்குப் போனார். அங்கே அடுப்பு எரியவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் தவறிப்போன மகன் நினைவாக 2018-லிருந்து வருஷா வருஷம் அந்த நாளில் அன்னதான உபயம் செய்கிறவர். தை மாசமே பணம் கட்டிவிடுவார். அவரிடம் வாட்ஸ்அப் கிடையாது. பணத்தை எப்போதும் கையில்தான் கட்டுவார், அதனால் பேங்கிலும் பெயர் இல்லை. எங்கள் புதுப் பட்டியலில் அந்த நாள் காலியா இருந்தது. பாட்டி மணிபர்சைத் திறந்து நாலா மடித்த ரசீதை எடுத்துக் காட்டினார். நாங்கள் அடித்துக் கொடுத்த ரசீது, கோயில் முத்திரையோடு. அவர் சண்டை போடவில்லை. "பரவால்ல தம்பி, அடுத்த வருசம் இருந்தா பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவசர அவசரமா கடையில் சாப்பாடு வாங்கி வந்து, வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பரிமாறினோம். பாட்டி சாப்பிட்டார். பேரன் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம்.

அந்தக் கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்தோம். ஒரிஜினல் தட்டிலிருந்து விண்டோஸ் 7-ஐப் புதுசா ஏற்றி, 2020 ஜனவரி வரை வந்த திருத்தங்களைப் போட்டு, டிக்கெட் புரோகிராமையும் பிரிண்டரையும் மாட்டி, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினோம். வைஃபை கார்டையும் கழற்றியாச்சு. இனிமேல் அது டைப்ரைட்டர் மாதிரி, டிக்கெட் அடிக்கும், வேறு எதுவும் செய்யாது. பிள்ளைகள் தினமும் நுழைவது சாதாரணக் கணக்கில், புதுசா எதையும் ஏற்ற அதற்கு அதிகாரம் இல்லை. அதிகாரக் கணக்கின் பாஸ்வேர்ட் செயலாளரிடம் மட்டும். இன்டர்நெட் இல்லை என்றால் வெளியிலிருந்து வர ஒரே வழி பென்டிரைவ்தான். அதனால்தான் அந்த ரூல். சிவப்பு டேப் ஒட்டின ஒரே ஒரு பென்டிரைவ் மட்டும் போகலாம், அதுவும் ஒவ்வொரு தடவையும் உள் அலுவலகக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டுத்தான்.

பேக்கப்புக்கு லோயாட் பிளாசாவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். ஒன்று சாமி நகை வைக்கிற இரும்புப் பெட்டியில், இன்னொன்று பொருளாளர் வீட்டில். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மாற்றிக்கொள்வோம். எதையும் சொருகியே வைப்பதில்லை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறந்தும் பார்ப்போம். இதைச் சொல்ல காரணம் இருக்கிறது. முதல் தடவை திறந்து பார்த்தபோது உள்ளே வெறும் ஷார்ட்கட் மட்டும் இருந்தது! ஆறு வாரம் பக்தியா ஒரு காலி டப்பாவை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம். தலைவர் சிரித்த சிரிப்பு கர்ப்பக்கிரகம் வரை கேட்டது.

பேங்க் வேலை எதுவும் பழைய கம்ப்யூட்டர்களில் கிடையாது. வைஃபை ரௌட்டர், சிசிடிவி பெட்டி இரண்டிலும் வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டே இருந்தது, அதையும் மாற்றினோம். அதுகளும் கம்ப்யூட்டர்தான், பழசாகும், திருத்தம் வராமல் போகும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. உபயப் பட்டியல் இப்போது ஒவ்வொரு மாசமும் பேப்பரில் அடித்து சமையல்கட்டுச் சுவரில் ஒட்டப்படுகிறது.

உள் அலுவலகத்தில் இருக்கிற இரண்டாவது கம்ப்யூட்டர் 2019-இல் வாங்கின செகண்ட்ஹேண்ட், விண்டோஸ் 10. அதற்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி ஆதரவு முடிந்தது, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். விண்டோஸ் 11 அதில் ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டுமாம், நம்முடையது ஆறாம் தலைமுறை. இந்தத் தடவை எக்ஸ் அமுக்கவில்லை. இளைஞர் அணிப் பிள்ளைகள் லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினார்கள். செலவு ஒன்றும் இல்லை, 2029 வரை திருத்தம் வரும். யூனிகோட் தமிழ் அருமையா ஓடுகிறது, தமிழ்99-உம் இருக்கு, அம்மா என்று ஆங்கிலத்தில் அடித்தால் தமிழில் வருகிற முறையும் இருக்கு. முதல் வாரம் பொருளாளர் கொஞ்சம் முனகினார், இப்போது பழகிவிட்டது.

வீட்டில் விண்டோஸ் 10 வைத்திருக்கிற பக்தர்கள் பதற வேண்டாம், ஆனால் தூங்கவும் வேண்டாம். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புக்குப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்கை அங்கே பேக்கப் செய்தால் காசு இல்லை. இதைத் தெரியாதவர்கள் பேரன் பேத்தியை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அதில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம். வைரஸ் தடுப்பு போட்டாச்சே, போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது தெரிந்த திருடனை அடையாளம் காட்டும், சுவரில் இருக்கிற ஓட்டையை அடைக்காது. இன்னொன்று, "உங்கள் விண்டோஸ் காலாவதி, இந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்கள்" என்று திரையில் வந்தால் அது ஏமாற்று. மைக்ரோசாப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் போடவே போடாது. கூப்பிட்டுப் பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997-க்கும் உங்கள் பேங்குக்கும் போன் செய்யுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும்.

இப்போது கல்யாணத் தம்பதிகளுக்குச் சொல்ல வேண்டியது. 2014 முதல் 2023 அக்டோபர் வரை நம் மண்டபத்தில் கல்யாணம் செய்தவர்கள் கொடுத்த ஐசி காப்பிகளை ஸ்கேன் செய்து அந்தக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தோம். பைல்களைப் பூட்டுகிற இந்த வகை வைரஸோடு, தகவலையும் பாஸ்வேர்டையும் திருடி அனுப்புகிற இன்னொன்றும் சேர்ந்து வருவது வழக்கம். கோயிலின் ஈமெயில், பேஸ்புக், பேங்க் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அன்றைக்கே மாற்றினோம். எங்கள் பொருளைக் காப்பாற்ற முந்திக்கொண்டோம். உங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. கோயில் பேர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டோம். இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ்-இல் உங்கள் பேரில் உங்களுக்குத் தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா என்று இலவசமா பார்க்கலாம். இருந்தால் அந்த பேங்குக்குச் சொல்லுங்கள், போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள். ரிப்போர்ட்டுக்குக் கோயில் கடிதம் வேண்டும் என்றால் செயலாளர் கொடுப்பார், 2023-இல் சைபர்999-க்குக் கொடுத்த புகாரின் காப்பியோடு. இப்போது நாங்கள் ஐசி காப்பியை வாங்கி வைப்பதில்லை. பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

பாட்டி 2024-லும் 2025-லும் வந்து உபயம் செய்தார். போன வருஷம் பேரன் பரிமாறினான்.

வருகிற சனி, ஞாயிறு மாலை 5 மணி முதல் 8 மணி வரை அலுவலகத்தில் நாங்கள் இருப்போம். 2017-க்குப் பிறகு உபயமோ, சந்தாவோ, அர்ச்சனைப் பெயரோ பதிந்தவர்கள் ஒரு நடை வந்து பட்டியலில் உங்கள் பெயர், நட்சத்திரம், தேதி சரியா இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரசீது இருந்தால் எடுத்து வாருங்கள். பக்கத்து வீட்டில் போன் இல்லாத வயசானவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களையும் காடியில் ஏற்றி அழைத்து வாருங்கள். கல்யாணத் தம்பதிகள் அதே நேரத்தில் செயலாளரைப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை வந்த ஐயாவுக்கு: உங்கள் குடும்பத்தின் 38 பெயரும் பட்டியலில் ஏறியாச்சு. அடுத்த முறை குடும்பப் பெயரை மட்டும் சொன்னால் போதும், தாளில் அடித்துக் குருக்களிடம் கொடுத்துவிடுவோம். அவசரத்தில் எழுதியதால் இரண்டு நட்சத்திரம், பூரமா பூராடமா என்று பிள்ளைக்குச் சந்தேகமாம். வரும்போது கேட்கும், கொஞ்சம் பொறுமையா சொல்லுங்கள்.